புது டீவியில் சனல் சரியாக இழுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டீவி வாங்கப் போகிறவர்கள் கேட்பது எத்தனை அங்குலம், 4கே இருக்கிறதா, யூடியூப் வருமா, உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதைத்தான். டியூனர் எப்படி என்று கேட்பவர் மிக அரிது. கடையிலும் பென் டிரைவில் போட்ட படம்தான் ஓடிக்கொண்டிருக்கும், மீனும் பூவும் பளிச்சென்று தெரியும், அந்தப் பளிச்சுக்கும் டியூனருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அன்டனா வயரைக் கொழுவிய பிறகுதான் விஷயம் தெரியவரும். பழைய பெட்டி டீவியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வசந்தம் சனல், புதியதில் புள்ளி புள்ளியாக வரும், அல்லது வரவே வராது.

அன்டனாவுக்குள் ஒரே நேரத்தில் எல்லா அலைகளும் வந்து விழுகின்றன. டீவி, எஃப்எம் வானொலி, போன் டவர் எல்லாம் சேர்ந்துதான் வயர் வழியாக இறங்கும். அதில் உங்களுக்கு வேண்டிய ஒரு சனலை மட்டும் பிரித்து, அதைப் பெருக்கி, டீவி கையாளக்கூடிய ஒரு நிலையான அலைவரிசைக்கு மாற்றிக் கொடுக்கிற உறுப்புத்தான் டியூனர். அங்கே தொலைந்துபோன சிக்னலை அதற்குப் பிறகு வரும் எந்தத் திரையாலும் எந்தச் சிப்பாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கொழும்பில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எந்த டியூனரும் போதும். கிழக்கிலங்கையில் இருக்கிற நமக்கு அப்படியில்லை. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பு பிதுருதலாகல உச்சியிலிருந்து வருகிறது. 2524 மீட்டர் உயரம் என்பதால்தான் கிழக்குக் கரைவரை எட்டுகிறது, ஆனாலும் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் அது நேர்கோட்டிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல். இடையில் ஊவா மலைகள் வேறு. ஆகவே இங்கே பல வீடுகளில் கிடைப்பது மெலிந்த சிக்னல், மெலிந்த சிக்னலில்தான் நல்ல டியூனருக்கும் மோசமான டியூனருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

டிஷ் பெட்டி மட்டும் பாவிக்கிறவர்கள் இதை வாசிக்கத் தேவையில்லை. சனலை இழுக்கும் டியூனர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, டீவி வெறும் திரையாகத்தான் வேலை செய்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன்பு: ஒரே வயர், இரண்டு டீவி

உங்கள் அன்டனா வயரை அப்படியே எடுத்து, நன்றாக வேலை செய்கிற வேறொரு டீவியில் கொழுவுங்கள். அதே நேரம், அதே வயர், அதே சனல். இது மிகவும் முக்கியம், ஏனென்றால் காலையில் ஒன்றையும் இரவில் இன்னொன்றையும் பார்த்து ஒப்பிட்டால் காற்று, ஈரம், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் இடையில் மாறியிருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி மோசம் என்றால் டீவியை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள், பழுது அன்டனாவில், வயரில், அல்லது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரில். பழையதில் நன்றாகவும் புதியதில் மோசமாகவும் வந்தால் டியூனர் மேல் சந்தேகப்படலாம்.

சந்தேகப்படலாம் என்றுதான் சொல்கிறேன், உறுதி இல்லை. அனலாக், அதாவது டிஜிட்டல் அல்லாத பழைய ஒளிபரப்பு முறைப் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற கோடுகள் 576தான். அதை 2160 கோடுள்ள 55 அங்குலத் திரையில் இழுத்துப் போட்டால், 21 அங்குலப் பெட்டி டீவியில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியும் பெரிதாகத் தெரியும். அது டியூனரின் குற்றம் இல்லை. அதனால் முதலில் ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள், நொய்ஸ் ரிடக்‌ஷனை ஒருமுறை கூட்டியும் ஒருமுறை நிறுத்தியும் பாருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சத்தத்துக்குத் திரை எவ்வளவு பெரிது என்பது தெரியாது. பழைய டீவியில் சுத்தமாகக் கேட்ட அதே சனல் புதியதில் 'உஸ்ஸ்' என்று இரைந்தால், டியூனர் சரியாக இழுக்கவில்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம்.

நீலத் திரை, 'சிக்னல் இல்லை' என்று வருகிறது

பழைய டீவிகள் மெலிந்த சிக்னலைப் புள்ளியோடாவது காட்டும். புதியவை சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படத்தை மறைத்து நீலத் திரையைப் போட்டுவிடும், ஆக்கள் டீவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மெனுவில் 'புளூ ஸ்கிரீன்' அல்லது 'புளூ பேக்' என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். பாதிப் படமாவது தெரிந்தால் அதைப் பார்த்துக்கொண்டே அன்டனாவைத் திருப்பலாம், நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தானாகத் தேடும்போது சனல் அகப்படவில்லை என்றாலும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓட்டோ ஸ்கேன் மெலிந்த சனலைத் தாண்டிப் போய்விடும். மனுவலில் போய், பக்கத்து வீட்டில் அந்தச் சனல் எந்த இலக்கத்தில் வருகிறது என்று கேட்டு அங்கேயே நிறுத்தி, ஃபைன் டியூனிங்கில் மெதுவாக நகர்த்திப் பிடித்து சேவ் செய்யுங்கள்.

படம் தெளிவு, சத்தம் இல்லை அல்லது ஒரே இரைச்சல்

இது வெளிநாட்டிலிருந்து வந்த டீவிகளில் அதிகம். பழுதே இல்லை, செட்டிங்தான். இலங்கையில் பாவிக்கிற அனலாக் ஒளிபரப்பு முறை பிஏஎல் பிஜி, அதில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் 5.5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளி. லண்டனிலிருந்து சாமானோடு வந்த டீவி பிஏஎல் ஐ முறைக்கு வைக்கப்பட்டிருக்கும், அதில் 6.0. சீனச் சந்தைக்குச் செய்த செட் டிகே முறை, அதில் 6.5. படம் வரும், சத்தத்தை மட்டும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் பிஜி என்று மாற்றினால் சரி. மாற்ற இடமே இல்லையென்றால் அந்த டியூனர் அந்த நாட்டுக்கு மட்டும் செய்தது, வேறு வழி கீழே சொல்கிறேன்.

நிறம் வந்து வந்து போனால் கலர் சிஸ்டத்தை ஓட்டோவில் விடாமல் பிஏஎல் என்று நிலையாக வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிக்னல் மெலிவு.

எல்லாச் சனலிலும் புள்ளி

கடற்கரையோரம் இருக்கிறவர்கள், கல்லடியில் தொடங்கி காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், திருக்கோவில் வரைக்கும், டியூனரைக் குறை சொல்லுமுன் அன்டனாப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது வயரை முறுக்கியிருக்கும் அந்த இரண்டு ஆணிகளையும்தான். பச்சை பூத்திருந்தால் வயரின் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, ஆணியை மாற்றி, மேலே சிலிக்கன் பூசுங்கள். வயருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற செப்புப் பின்னல் கறுத்திருக்கும், அந்த வயரைக் காப்பாற்ற முயலாதீர்கள், முழுதாக மாற்றுங்கள். நல்ல ஆர்ஜி-6 வயரே 50 அடி ஓடினால் யூஎச்எஃப் (உயர்ந்த அலைவரிசை) சிக்னலில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடுகிறது, கறுத்த வயரில் என்ன மிஞ்சும்?

சில சனல்களில் மட்டும் புள்ளி என்றால் அன்டனாவின் வகையைப் பாருங்கள். நீளக் கம்பிகள் அதைவிடத் தாழ்ந்த அலைவரிசையான விஎச்எஃபுக்கு, குட்டைக் கம்பிகள் யூஎச்எஃபுக்கு. குட்டைக் கம்பி மட்டும் உள்ள அன்டனாவில் விஎச்எஃப் சனல் ஒழுங்காக வராது.

பூஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீவிக்குப் பின்னால் பூஸ்டர் வைப்பது பிரயோசனம் குறைவு, ஏனென்றால் வயர் தின்று முடித்த சிக்னலையும் அதோடு சேர்ந்த இரைச்சலையும் இரண்டையும் சேர்த்துத்தான் அது பெருக்கும். பூஸ்டர் இருக்க வேண்டிய இடம் மேலே, அன்டனாவின் காலில். கீழே டீவிக்குப் பக்கத்தில் அதன் அடாப்டர் மட்டும் இருக்கும், அந்த அடாப்டர் வயர் வழியாகவே மேலே கரண்ட் அனுப்பும். அடாப்டர் செத்தால் பூஸ்டர் சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள், கரண்ட் இல்லாத பூஸ்டர் சிக்னலை மறித்துக்கொண்டுதான் நிற்கும். ஆகவே எல்லாம் திடீரென்று மோசமானால் முதல் வேலை பூஸ்டரைக் கழற்றிவிட்டு நேரே வயரைக் கொழுவிப் பார்ப்பது. அதில் முன்னேற்றம் தெரிந்தால் பூஸ்டரோ அடாப்டரோ போய்விட்டது.

இடி மின்னலுக்குப் பிறகு புள்ளி

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடிக்கிற நாட்களில் அன்டனா வயரைக் கழற்றி வையுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்னல் நேரே விழத் தேவையில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே வயரில் ஏறுகிற மின்னழுத்தம் டியூனரின் முதல் பெருக்கியைக் கொன்றுவிடும். அப்படிப் போன டியூனரின் அடையாளம் தெளிவானது: பலமான சனல் மட்டும் புள்ளியோடு மங்கலாக வரும், மற்றவை எல்லாம் காணாமல் போகும், எச்டிஎம்ஐயும் பென் டிரைவும் முன்பு போலவே பளிச்சென்று வேலை செய்யும். பூஸ்டரையும் நீக்கிப் பார்த்து இதே கதை என்றால் டியூனர்தான்.

படத்தின் மேல் கோலம் போட்டது போல் கோடுகள், அல்லது ஒரு சனலுக்குள் இன்னொன்று

இதற்குச் சிக்னல் மெலிவு காரணம் இல்லை, கூடிப்போனதுதான் காரணம். மாமாங்கத் தீர்த்தக் கூட்டத்தில் காதுக்குப் பக்கத்தில் ஒருவர் கத்தினால் தூரத்தில் நிற்கிறவர் சொல்வது கேட்காது, டியூனருக்கும் அதேதான். பக்கத்தில் இருக்கிற பலமான அலை உள்ளே வந்து முதல் பெருக்கியை நிரப்பிவிடும், அது திணறி, இல்லாத அலைகளைத் தானே உண்டாக்கும். எஃப்எம் வானொலி 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கு 176 முதல் 216. விஎச்எஃப் சனல் 5 முதல் 12 வரை இருப்பதோ 174 முதல் 230. ஆகவே எஃப்எம் டவருக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் ஒரு மோசமான டியூனர் தன் உள்ளுக்குள்ளேயே அந்த இரட்டிப்பைச் செய்து, நீங்கள் பார்க்கும் சனல் மேலேயே நெளிநெளியாகக் கோடு போடும். நல்ல டியூனர் அந்த எஃப்எம்மை வாசலிலேயே வடிகட்டிவிடும். அதே அன்டனா, அதே இடம், டீவி மட்டும் வேறு, படம் வேறு.

செய்ய வேண்டியது: பூஸ்டர் இருந்தால் கழற்றுங்கள், அல்லது அதன் திருகைக் குறையுங்கள். அதில் கோடு குறைந்தால் அதுதான் காரணம். குறையாவிட்டால் எஃப்எம் ட்ராப் என்று சின்ன வடிகட்டி இருக்கிறது, வயருக்கு இடையில் போடலாம். போன் டவருக்கு அடியில் இருக்கிறவர்களுக்கும் இதே சிக்கல் யூஎச்எஃபின் மேற்பக்கச் சனல்களில் வரும். சனல் வரவில்லை என்றதும் இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கிப் போடுகிற பழக்கம் இங்கே நிறைய, இந்த அறிகுறிக்கு அது எண்ணெய் ஊற்றுகிற வேலை.

விட்டு விட்டு ஒரு கோடு, அல்லது பட்டையாகப் புள்ளி

ஒரு செக்கனுக்கு ஒருமுறை 'டிக் டிக்' என்று கோடு ஓடினால், அதுவும் வெல்லாவெளிப் பக்கமோ அம்பாறையின் வயலோரக் கிராமமோ என்றால், யானை வேலியைப் பாருங்கள். மின்வேலி ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் துடிக்கிறது. கம்பியில் புல்லோ கிளையோ பட்டு எங்கோ பொறி பறந்தால் அது டீவியில் கோடாக விழும். வேலியைக் கவனிக்கிறவர்களிடம் சொல்லுங்கள், பொறி பறக்கிற இடத்தில் வேலியும் ஒழுங்காக வேலை செய்யாது, டீவியைவிட அது பெரிய விஷயம்.

திரையின் குறுக்கே இரண்டு பட்டையாகப் புள்ளி மெதுவாக நகர்ந்தால் அது மின்கம்பத்தில் பொறி பறப்பது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மழையில்லாமல் கம்பத்துப் பீங்கான்களில் உப்பும் தூசியும் படிந்து, இரவுப் பனி ஈரத்தில் கசியும், ஒரு நல்ல மழை பெய்து கழுவியதும் போய்விடும். மழைக்குப் பிறகு சரியாகிறதா என்று கவனியுங்கள், சரியாகினால் டீவியைத் தொடத் தேவையில்லை.

நிழல் விழுவது, அதாவது ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கல் ஆள் நிற்பது, அனலாக் டியூனரால் திருத்த முடியாதது. அன்டனாவைத் திருப்புங்கள். ஒரு வயரைச் சும்மா முறுக்கி இரண்டு டீவிக்குப் பிரித்திருந்தால் அதைக் கழற்றி ஸ்பிளிட்டர் போடுங்கள்.

தொடங்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் சனல் நகர்கிறது

இது பழைய செட்களின் நோய். சனலைத் தானாகப் பிடித்து வைக்கிற ஏஎஃப்டி மெனுவில் நிறுத்தப்பட்டிருந்தால் போட்டுப் பாருங்கள். போட்டும் நகர்ந்தால், உள்ளே டியூனருக்கு வருகிற 33 வோல்ட்டைத் திருத்துகிறவரிடம் அளக்கச் சொல்லுங்கள். அந்த வோல்ட்டை நிலையாக வைக்கிற சின்னப் பாகம் சூட்டில் தளர்ந்தால் சனல் நகரும், முழுதாக இறங்கிவிட்டால் மேல் இலக்கச் சனல்கள் வரவே வராது. முழு டியூனரையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் முதலில் இதை அளந்தாரா என்று கேளுங்கள், மிக மலிவான பாகம் அது.

வயரை அசைத்தால் படம் வந்து போகிறது என்றால் டீவியின் சொக்கெட்டில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது. இதுவும் மலிவான வேலைதான். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் பகுதியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

டியூனர்தான் பழுது என்று முடிவானால்

பழைய செட்களில் டியூனர் தனியாக ஒரு தகரப் பெட்டி. கழற்றி வேறொன்று போடலாம். இப்போதைய மெல்லிய டீவிகள் பலவற்றில் அது மெயின் போர்ட்டில் ஒட்டிய ஒரு சிப், போர்ட்டையே மாற்ற வேண்டி வரும். சிப் என்பதற்காகவே மோசம் என்று இல்லை, நல்ல சிப்பும் இருக்கிறது, ஆனால் விலையைக் குறைக்க வேண்டிய இடத்தில் கம்பனிகள் கையை வைக்கிற இடங்களில் இதுவும் ஒன்று, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

போர்ட் மாற்றுவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. அலுமாரிக்கு மேல் பழைய விசிஆர், அதாவது வீடியோ கசெட் போடுகிற பெட்டி, கிடந்தால் எறியாதீர்கள். அதற்குள் ஒரு முழு டியூனர் இருக்கிறது, பெரும்பாலும் நல்ல டியூனர். அன்டனா வயரை விசிஆரில் கொழுவி, அதன் மஞ்சள், வெள்ளை வயர்களை டீவியின் ஏவி துளையில் கொழுவினால் சனலை விசிஆர் இழுக்கும், டீவி காட்டும். புதிய டீவிகளில் ஏவி துளை சின்னதாக ஒன்றாக இருக்கும், அதற்குரிய மாற்று வயர் பெட்டியோடு வந்திருக்கும். ஏவியே இல்லாவிட்டால் ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்னப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த டீவியின் டியூனர் நமது பிஏஎல் சனலைப் படிக்காது, அவற்றின் ஏவி துளையும் பிஏஎல் படத்தை எடுக்காமல் போகலாம், ஆகவே அவற்றுக்கு விசிஆரை அந்த எச்டிஎம்ஐ பெட்டி வழியாகக் கொழுவிப் பாருங்கள். ஜப்பான் செட் என்றால் அது 100 வோல்ட்டில் ஓடுவது, நேரே சுவரில் கொழுவிவிடாதீர்கள்.

வாங்கும்போது

கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள்: "நானா, பென் டிரைவைக் கழற்றிட்டு இதுக்கு அன்டனா வயரைக் கொழுவிக் காட்டுங்க." வயர் இருந்தால், பலமாக வருகிற சனலைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கடையிலேயே மங்கலாக வருகிற சனலைப் போடச் சொல்லுங்கள். அதே வயரைப் பக்கத்து மொடலுக்கும் மாற்றிக் கொழுவுங்கள். ஒரே அளவு, ஒரே விலை, ஆனால் ஒன்று நிறத்தோடு பிடித்து வைத்திருக்கும், மற்றது கறுப்பு வெள்ளைக்குப் போய்விடும். பெட்டியில் எழுதியிருக்கும் எதிலும் இந்த வித்தியாசம் தெரியாது. மானிட்டராகச் செய்து டீவி என்று விற்கிற செட்களும் இருக்கின்றன, பின்னால் அன்டனா துளையே இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'டிஜிட்டல் டியூனர் இருக்கிறது, இனிப் பயமில்லை' என்று விற்பவர் சொன்னால் எந்த டிஜிட்டல் என்று கேளுங்கள். இங்கே வருகிற செட்களில் பெரும்பாலும் எழுதியிருப்பது டிவிபி-டி2. இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை. ஒன்றுக்குச் செய்த டியூனர் மற்றதைப் படிக்காது. டிஜிட்டலில் மெலிந்த டியூனர் புள்ளியோடு படம் காட்டுவதும் இல்லை, கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும்.

கடையில் அன்டனா வயர் இல்லையென்றால் பில்லின் பின்பக்கத்தில், அன்டனாவில் சனல் ஒழுங்காக வராவிட்டால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே பெட்டியையும் ரெஜிபோமையும் எறியாமல் வைத்துக்கொண்டு, பழைய டீவியை யாருக்கும் கொடுத்துவிடாமல், இரண்டையும் ஒரே வயரில் கொழுவிப் பாருங்கள்.